சவரியம்மாள் வாங்கிய ஏழாவது குழாய்

சவரியம்மாள் தன் சமையலறைக்கு ஏழாவது குழாய் வாங்கப் புறப்பட்ட அன்றைக்குத் திண்டுக்கல்லில் மழை பெய்து நூற்று நாற்பது நாள் ஆகியிருந்தது. மலைக்கோட்டைப் பாறை அடுப்பில் ஏற்றிய தோசைக்கல் மாதிரிக் காய்ந்துகொண்டிருந்தது. தெருவில் போகிற ஆடு மாடெல்லாம் கொடியில் தொங்கிய ஈரத்துணியை நக்க வந்தன. ஆனால் வத்தலக்குண்டு ரோட்டில் இருக்கிற செவ்வந்தி அடுக்கு மாடியின் தரைத்தளத்தில், சங்கச் செயலாளர் தனுஷ்கோடியின் வாசலில் மட்டும், ஒரு பாய் அகலத்துக்குப் புல் கிளி நிறத்தில் நின்றது. கதை குழாயைப் பற்றியதுதான். இருந்தாலும் அந்தப் புல்லை மனசில் ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சவரியம்மாள் முப்பத்தோரு வருஷம் நூல் மில்லில் நின்றவள். ஓடுகிற மிஷினுக்கு முன்னால் நடந்துகொண்டே அறுந்த நூலை எடுத்து ஒட்டுவதுதான் வேலை. அந்த இரைச்சலில் பக்கத்து மிஷின்காரியிடம் "தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று சொல்வதற்கே தொண்டையைக் கிழித்துக் கத்தணும். அப்படிக் கத்திக் கத்தி, வேலையை விட்டு வந்த பிறகும் அவளுக்குத் தணிந்த குரல் திரும்பி வரவில்லை. "உப்பு இருக்கா?" என்று கேட்டாலே மூன்று வீட்டுக் கதவு திறக்கும். அதை வைத்துக் குடியிருப்பில் அவளுக்குக் கோவக்காரி என்று பேர் வைத்திருந்தார்கள். அது பெரிய தப்பு. சத்தம் வேறு, கோபம் வேறு. கோபம் அவளுக்கு வந்துகொண்டேதான் இருந்தது, யாருக்குத்தான் வராது. ஆனால் வந்ததை எல்லாம் அவள் துவைத்த சேலையை மடிக்கிற மாதிரி நாலாக மடித்து, எட்டாக மடித்து, உள்ளே அடுக்கி வைத்துக்கொண்டாள். அவிழ்த்துப் பார்த்ததே இல்லை.

வீடு மூணாவது மாடியில், உச்சியில். தண்ணீர்த் தொட்டி சரியாக அவள் அடுப்படிக்கு மேலே மொட்டை மாடியில் இருந்தது. குடிவந்த நாளிலிருந்து சமையலறையில் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. நூல் என்றால் பேச்சுக்குச் சொல்வதில்லை. அவளுக்கு நூல் அளக்கத் தெரியும். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். காலையில் குழாயைத் திறந்து, விழுகிற தண்ணீரை ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு அறுபதாம் நம்பர்ங்க" என்பாள். அடுத்த நாள் "எண்பது" என்பாள். அரிசி களைய உட்கார்ந்தால் அரிசி ஊறிவிடும். மீன் கழுவினால் மீனே அலுத்துப் போகும். மூன்று வருஷம் அவள் ஒரு குடம் நிறைவதற்குள் ஒரு ஜெபமாலை முழுக்கச் சொல்லி முடித்தாள். மாதாவுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கலாம், அவளுக்கு இல்லை.

போய்க் கேட்டால் தனுஷ்கோடி சிரிப்பார். அவருக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. தேங்காய் எண்ணெய் மாதிரிப் பேச்சு.

"அக்கா, தொட்டியே உங்க தலைக்கு மேலதான இருக்கு? தண்ணியில குறையே இல்ல. டேப்புலதான் கோளாறு. நல்ல டேப்பா வாங்கிப் போடுங்கக்கா."

நல்ல குழாயாக வாங்கிப் போட்டாள். அன்னம் மாதிரிக் கழுத்து நீண்டது ஒன்று வாங்கினாள், கழுத்துத்தான் நீண்டது. நுரை நுரையாக விடுவது ஒன்று வாங்கினாள், இருமியது. ஒற்றை விரலில் திறப்பது ஒன்று, தலையைத் திருப்புவது ஒன்று, பிளாஸ்டிக்கில் ஒன்று, கண்ணாடி மாதிரி மினுங்குவது ஒன்று. ஒவ்வொரு தடவையும் தனுஷ்கோடி மாடியேறி வந்து, குனிந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "இதும் சரியில்லையேக்கா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவார். தப்பு செய்தது தண்ணீர் இல்லை, தொட்டி இல்லை, சங்கம் இல்லை. குழாய் பார்த்து வாங்கத் தெரியாத சவரியம்மாள்தான் என்று ஆகிப்போனது. கடைசியில் அவளே அதை நம்ப ஆரம்பித்திருந்தாள். அதுதான் இதில் ரொம்பக் கேவலமான விஷயம்.

ஆறு குழாயையும் வயர்க்கூடையில் போட்டுக்கொண்டு அவள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற கமால் பாய் கடைக்குப் போனாள்.

"பாய், தண்ணி வர்ற டேப்பு ஒன்னு குடுங்க."

"எல்லாத்துலயும் வரும்மா. எதுக்குக் கத்துறீங்க?"

"கத்தல பாய், பேசுறேன். இந்தா, இந்த ஆறுலயும் வரல."

கமால் பாய் கூடையைக் கவிழ்த்தார். டாக்டர் குழந்தைகளின் தொண்டையைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றின் வாயையும் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்.

"இது கழுத்து உசரம். தண்ணி ஏறி எறங்கணும், ஏறுறதுக்குத் தெம்பு வேணாமா? இதோட வாயில சல்லடை. வேகமா வர்ற வீட்டுக்குச் சிக்கனம், உங்க வீட்டுக்கு வாயைக் கட்டுன மாதிரி. இது கால் சுத்துல திறக்கும், சொகுசு, ஆனா உள்ள ஓட்டை பட்டாணி சைசு. தொட்டி எம்புட்டு உசரத்துல இருக்கு?"

"தலைக்கு மேலதான். மொட்டை மாடியில."

"அதாம்மா வெனை. தொட்டிக்குப் பக்கத்துல இருந்தா தண்ணி ஜாஸ்தின்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. எவ்வளவு உசரத்துல இருந்து விழுதோ அதுதான் தண்ணிக்கு வேகம். கீழ்வீட்டுக்காரனுக்கு ஆறேழு ஆள் உசரம். உங்களுக்கு ஒரு ஆள் உசரம்கூட இல்ல. உங்களுக்கு வேண்டியது குட்டைக் கழுத்து, நேர் வாய், சல்லடை கூடாது, உள்ள ஓட்டை பெருசு. பித்தளையில ஒன்னு இருக்கு. ஆனா…"

"என்னா ஆனா?"

அவர் கீழ் டிராயரிலிருந்து பழைய துணியில் சுற்றிய ஒரு குழாயை எடுத்தார். கையில் வாங்கினால் கனத்தது. எந்த அலங்காரமும் இல்லாமல், முறைத்துப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"ஒரு வீட்டுல வாங்கிட்டுப் போயி திருப்பிக் குடுத்துட்டாங்க. அந்த வீட்டுல யாருக்கும் கோவமே வராதாம். அதனால சொட்டுத் தண்ணி வரலைன்னாங்க." வாஷர் கொஞ்சம் லூசு என்று சொல்கிற மாதிரித்தான் அவர் இதைச் சொன்னார். "கோவம் இருக்கிற வீடுன்னா நல்லா வேலை செய்யும்."

"அப்ப எனக்குப் பொருந்தும். என்னையக் கோவக்காரின்னுதான சொல்றாக."

"சொல்றது வேற, இருக்கிறது வேறம்மா. மாட்டிப் பாருங்க."

வீட்டில் அவள் புருஷன் ஞானப்பிரகாசம் மரையில் வெள்ளை நாடாவைச் சுற்றிக் குழாயை மாட்டினார். அவரும் அதே மில்தான், டைம் ஆபீசில். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று வாழ்நாள் முழுக்க எழுதினவர். அதைத் தாண்டி எதையும் வாய்விட்டுச் சொன்னவர் இல்லை. குழாயைத் திறந்தார்கள். ஒரு பெருமூச்சு வந்தது. தண்ணீர் வரவில்லை. சவரியம்மாள் குழாயைப் பார்த்துத் தன் மில் குரலில் ஒரு அதட்டுப் போட்டாள். பக்கத்து வீட்டில் தொட்டில் பிள்ளை எழுந்து அழுதது, குழாய் அசையவில்லை.

மறுநாள் காலையில் தனுஷ்கோடி வந்தார். குனிந்தார். பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இதும் சரியில்லையேக்கா! நல்ல டேப்பா…" என்று ஆரம்பித்தவர், என்ன நினைத்தாரோ, தோளைக் குலுக்கிச் சிரித்தார். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா, மில்லுல வேலை பாத்த கை, முரட்டுக் கை. டேப்பு உங்க கையில தங்காது."

அப்போதுதான் சவரியம்மாளுக்குள் நாலாக மடித்தது, எட்டாக மடித்தது எல்லாம் அடியிலிருந்து அவிழ்ந்தது. அவள் கத்தவில்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் குரல் தணிந்தது. "அப்டியா தம்பி?" என்று மட்டும் கேட்டாள், பக்கத்தில் நின்ற புருஷனுக்கே சரியாகக் கேட்கவில்லை, ஆனால் குழாய்க்குக் கேட்டது. சுவருக்குள் குழாய்கள் குலுங்கின, பித்தளை வாய் திறந்து தண்ணீர் விழுந்தது, நூலாக இல்லை, கயிறாக இல்லை, கிணற்று வடமாக விழுந்தது, பாத்திரம் கழுவுகிற சிங்கில் இருந்த தட்டையும் கரண்டியையும் தூக்கி எறிந்தது, தனுஷ்கோடியின் இஸ்திரி போட்ட சட்டையை நனைத்தது. ஞானப்பிரகாசம் குடத்தை எடுத்து அடியில் வைத்தார். அது நிறைந்ததும் அடுத்ததை வைத்தார்.

"பாத்தீங்களாக்கா," என்றார் தனுஷ்கோடி முகத்தைத் துடைத்துக்கொண்டே. "டேப்புலதான் கோளாறுன்னு சொன்னேன்ல?"

மத்தியானத்துக்குள் பதினாறு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. தண்ணீர் இல்லாத ஊரில் தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டு நிற்க யாருக்கு நேரம்? குடத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள். எதிர்வீட்டு வெள்ளைத்தாய் முதலில் முயற்சி பண்ணினாள். குழாய் முன்னால் நின்று கெட்ட வார்த்தையாக இருபது நிமிஷம் கத்தினாள், காய்ந்த வாய்தான் மிச்சம். அப்புறம் தன் நாத்தனார் வளைகாப்பில் தனக்குப் பந்தியில் இடமில்லை என்று சொன்னதை நினைத்துச் சும்மா நின்றாள்; அரை வாளி வந்தது. இரண்டாம் மாடியில் இருந்த வாத்தியார், தன்னை விடச் சின்னவனைத் தலைமை ஆசிரியர் ஆக்கியதை நினைத்து ஒரு குடம் பிடித்தார், அது கொஞ்சம் உப்பாக இருந்தது. முதல் மாடிப் பையன்கள் ஸ்பீக்கர் கொண்டுவந்து அலற விட்டார்கள். சத்தத்தையே கோபம் என்று எடுத்துக்கொண்டிருந்தவர்கள்தானே எல்லோரும். குழாய் அதைச் சட்டை பண்ணவில்லை.

கடைசியில் தெரிந்தது இதுதான்: எல்லோர் கோபமும் டம்ளர் கோபம், வாளிக் கோபம். சவரியம்மாள் ஒருத்தியிடம்தான் தொட்டி தொட்டியாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் போட்டார்கள். ஊரே வறண்டு கிடக்கும்போது நம் கட்டடத்துக்கு இப்படி ஒரு வழி பிறந்திருக்கிறது என்று தனுஷ்கோடி கை கூப்பிப் பேசினார், பேச்சின் நடுவில் இரண்டு தடவை "நம்ம அக்கா" என்றார், சவரியம்மாளுக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள். பித்தளைக் குழாயில் பச்சை ஓஸ் மாட்டி, ஜன்னல் வழியாக மேலே ஏற்றி, மொட்டை மாடித் தொட்டிக்குள் விட்டார்கள். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற போர்வெல் மோட்டாரை நிறுத்தினார்கள். அவளுடைய கோபம் ஓஸில் ஏறித் தொட்டிக்குப் போனது; தொட்டியிலிருந்து வழக்கம்போல ஒவ்வொரு மாடிக்கும் இறங்கியது. லேசான சூட்டோடு வந்தது தண்ணீர். பருப்பு சீக்கிரம் வெந்தது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். தரைத்தளத்துப் புல் கிளி நிறத்திலிருந்து மயில் நிறத்துக்குப் போனது.

ஒரே ஒரு சங்கடம், தினமும் யாராவது அவளுக்குக் கோபம் மூட்ட வேண்டியிருந்தது. அதற்குத் தனுஷ்கோடி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் முறை எழுதினார், வீட்டுக்கு ஒரு நாள். காலை ஆறு மணிக்கு முறைக்காரர் கதவைத் தட்டுவார்.

"அக்கா, மன்னிச்சுக்கங்க. இன்னைக்கு என் முறை," என்பாள் வெள்ளைத்தாய்.

"வாம்மா. காபி குடிக்கிறியா?"

"சொல்லிட்டுக் குடிக்கிறேங்க்கா. நேத்து குடுத்தீங்களே மீன் கொழம்பு, அது புளியக் கரைச்சு ஊத்துனதா, இல்ல புளிச்சட்டியக் கழுவி ஊத்துனதா?"

முதல் வாரம் இதற்கே தொட்டி நிறைந்தது. சொன்னவள் கன்னத்தில் போட்டுக்கொள்வாள், காபி குடிப்பாள், போய்விடுவாள். நாள் போகப் போக மீன் குழம்பு போதவில்லை. நிறத்தைச் சொன்னார்கள். வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தைச் சொன்னார்கள். முதல் மாடியில் இருந்த ரிட்டையர்டு பேங்க் ஆபீசர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நீங்க குடிவந்த அன்னைக்கே நான் சொன்னேன், மில்லுக்காரங்களுக்கெல்லாம் வீடு குடுத்தா கட்டடத்துக்கே மரியாதை போயிரும்னு" என்றார். அன்றைக்குத் தொட்டி நிரம்பி மொட்டை மாடியில் வழிந்தது. மற்றவர்கள் முறைக்காகச் சொன்னார்கள், அவர் மனசாரச் சொன்னார். குழாய்க்கு அந்த வித்தியாசம் தெரிந்திருந்தது.

எல்லோருக்கும் நல்லதுதானே நடந்தது என்று நீங்கள் கேட்கலாம். அவர்களும் அப்படித்தான் கேட்டுக்கொண்டார்கள். ஒரு மனுஷியின் கோபத்தை எடுத்துப் பாத்திரம் கழுவினார்கள், கார் கழுவினார்கள், நாயைக் குளிப்பாட்டினார்கள். அந்தக் கோபம் எதற்கு வந்ததோ அதைப் பற்றி ஒரு வீட்டில் ஒரு பேச்சு இல்லை.

நாற்பது நாளில் சவரியம்மாள் இளைத்துவிட்டாள். உடம்பு அப்படியே இருந்தது, உள்ளேதான் இளைப்பு. மீன்காரன் எடையில் ஏமாற்றினான், பார்த்துக்கொண்டே வாங்கினாள். பஸ்ஸில் ஒருத்தன் காலை மிதித்தான், இவள் மன்னிப்புக் கேட்டாள். குரல் இறங்கி இறங்கி, எதிரில் இருக்கிறவர் காதைச் சாய்த்துக் கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் "உப்பு போதுமாங்க?" என்று கேட்டாள், ஒரு கதவும் திறக்கவில்லை, ஞானப்பிரகாசத்துக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் குரலைத்தான் அவர் இருபத்தைந்து வயதில் இரண்டு ஷெட் தாண்டிக் கேட்டு, யார் இந்தப் பெண் என்று எட்டிப் பார்த்தார்.

நாற்பத்தோராம் நாள் தண்ணீர் மெலிந்தது. சவரியம்மாள் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "நூறாம் நம்பர்ங்க" என்று முணுமுணுத்தாள். என்ன சொன்னாலும் சிரித்தாள். நான்கு பேர் சேர்ந்து வந்து சொன்னார்கள், "ஆமாம்மா, அப்படித்தான் இருக்கும்" என்று தலையாட்டினாள்.

அன்று சாயங்காலம் தனுஷ்கோடி ஞானப்பிரகாசத்தைத் தனியாக ஓரங்கட்டித் தோளில் கை போட்டார்.

"சார், நாளைக்கு உங்க முறைன்னு போட்டிருக்கேன். முப்பத்தஞ்சு வருஷம் கூட இருந்தவர் நீங்க. எதைச் சொன்னா அக்காவுக்கு வலிக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும். பொதுக்காரியம் சார், மனசுல வச்சுக்காதீங்க."

அவருக்குத் தெரியும். சவரியம்மாளின் உயிர்த்தோழி ஜெசிந்தா, அவளுடைய வலது கை மில் மிஷினுக்குள் போனது; அன்றைக்கு ஜெசிந்தா வேலைக்கே வரவில்லை என்று மேலே இருந்து எழுதச் சொன்னார்கள்; எழுதினவர் ஞானப்பிரகாசம். ஜெசிந்தாவுக்கு நஷ்டஈடு ஒரு பைசா கிடைக்கவில்லை. அதைப் பற்றிப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு நாளும் பேசியதில்லை. மடித்து வைத்ததில் ஆக அடியில் இருந்தது அதுதான்.

காலை ஆறு மணிக்கு அவர் தன் சொந்த வீட்டுக் கதவை வெளியிலிருந்து தட்டினார். பின்னால் மாடிப்படி முழுக்கக் குடங்களோடு ஆட்கள். தனுஷ்கோடி நடுவில் நின்றார், கழுத்தில் மப்ளர். அவர் தினமும் விடியற்காலை மொட்டை மாடியில் நடைப்பயிற்சி செய்கிறவர்.

"சவரி, இன்னைக்கு என் முறை."

"சொல்லுங்க," என்றாள் அவள், குழாயைத் திறந்து வைத்துவிட்டு, ஊசி போடக் கை நீட்டுகிறவள் மாதிரி.

ஞானப்பிரகாசம் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். அப்புறம் மணி சொல்கிற குரலில் சொன்னார்.

"மொட்டை மாடியில தொட்டிக்குப் பக்கத்துல ஒரு இரும்புப் பொட்டி இருக்கு. உள்ள நாலு வால்வு, மாடிக்கு ஒன்னு. மாங்காப் பூட்டு போட்டிருக்கு, சாவி தனுஷ்கோடிகிட்ட. தெனமும் காலைல அஞ்சு மணிக்கு அவரு மேல வருவாரு. நான் படுத்திருக்கிற எடத்துக்கு நேர் மேல அந்தப் பொட்டி. வால்வைச் சுத்துனா கிரீச்சுங்கும். எட்டுச் சுத்து சுத்துனாத்தான் முழுசாத் தொறக்கும். கீழ் வீட்டுக்கு எட்டுச் சுத்து. முதல் மாடிக்கு அஞ்சு. ரெண்டாம் மாடிக்கு மூனு. நமக்கு ஒன்னு. அதையும் அம்பத்தேழு நிமிசத்துல மூடிருவாரு. மூனு வருசமா ஒரு நாள் தப்பாம எண்ணியிருக்கேன். டேப்புல ஒரு கோளாறும் இல்ல சவரி. எந்த டேப்புலயும் இல்ல. சொல்லப் பயந்துக்கிட்டுக் கெடந்தேன். ஜெசிந்தாவுக்கும் இப்டித்தான் பயந்தேன்."

படியில் ஒருத்தர் குடம் நழுவி உருண்டு, ஒவ்வொரு படியாக இடித்துக்கொண்டு கீழே போனது.

சவரியம்மாள் அவரைப் பார்த்தாள். சுவர்களுக்குள் குழாய்கள் முனக ஆரம்பித்தன. பித்தளையின் வாயில் தண்ணீர் வந்து திரண்டு நின்றது. ஓஸ் பாம்பு மாதிரிப் புடைத்தது. படியில் நின்றவர்கள் குடத்தை நிமிர்த்திப் பிடித்தார்கள், யாரோ "வந்துருச்சு, வந்துருச்சு" என்றார்கள். அவள் கையை நீட்டிக் குழாயை இறுக்கி மூடினாள்.

"இத வெளிய விடமாட்டேன்," என்றாள். குரல் திரும்பி வந்திருந்தது. மூன்றாம் மாடியில் சொன்னது ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவனுக்குக் கேட்டது. "இது பாத்திரம் கழுவ வந்ததில்ல. ஏங்க, அந்த ஸ்பேனர எடுங்க."

உடம்புக்குள் அத்தனையையும் அடக்கிக்கொண்டு அவள் குழாயைக் கழற்றினாள். சுவரில் இருந்த ஓட்டைக்கு ஒரு மரக்கட்டையைச் சீவி அடித்தாள். குழாயை முந்தானையில் முடிந்தாள். படியில் நின்ற கூட்டம் தானாக ஒதுங்கி வழி விட்டது. அவள் கால் வைத்த படியெல்லாம் அதிர்ந்தது, தாண்டிப் போன வீட்டுக் குழாயெல்லாம் தடதடத்தது. இரண்டாம் மாடி வாத்தியார், "மூனு சுத்துதானா?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தார். பேங்க் ஆபீசர், "அஞ்சா? எனக்கு அஞ்சா?" என்று வந்தார். அவருக்கும் கோபம் வந்திருந்தது, ஆனால் அது அவருடைய ஐந்து சுற்றுக்கு மட்டும் வந்த கோபம். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தனுஷ்கோடி கூட்டத்துக்கு முன்னால் ஓடி, தன் வீட்டு வாசலில் நின்று வரவேற்றார். அவருக்குச் சிரித்துத்தான் பழக்கம், மறுத்துப் பழக்கம் இல்லை.

"வாங்கக்கா, வாங்க. உக்காந்து பேசுவோம். கோவப்படாதீங்க."

அவள் உட்காரவில்லை. புல்லை மிதித்து, ஹாலைத் தாண்டி, நேராக அவர் சமையலறைக்குப் போனாள். அங்கே ஒரு நீளக்கழுத்துக் குழாய் இருந்தது. திறந்து பார்த்தாள். இருபதாம் நம்பர் இல்லை, பத்தாம் நம்பர் இல்லை, அதற்கு நம்பரே இல்லை, கொட்டியது. அதை மூடினாள். குனிந்தாள். பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"இது சரியில்லையே தம்பி," என்றாள். "டேப்புலதான் கோளாறு. நல்ல டேப்பாப் போடுவோம்."

அடியில் இருந்த வால்வை மூடி, அவருடையதைக் கழற்றி, பித்தளைக் குழாயை மாட்டி இறுக்கினாள். ஸ்பேனர் பிடித்த அவள் கை முரட்டுக் கைதான், சந்தேகமில்லை. மூன்றே சுற்றில் சொட்டு ஒழுகாமல் உட்கார்ந்தது. அடி வால்வைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"தொறங்க."

தனுஷ்கோடி திறந்தார். ஒரு பெருமூச்சு வந்தது.

"கோவப்படணும் தம்பி. கோவப்பட்டாத்தான் வரும்."

அவர் முயன்றார். முகத்தைச் சுளித்தார். பல்லைக் கடித்தார். யார் மேல் கோபப்படுவார்? எட்டுச் சுற்று வந்த வீட்டில், புல் முளைத்த வாசலில், யார் அவருக்கு என்ன குறை வைத்தார்கள்? கூட்டத்தில் நின்றவர்கள் உதவி செய்தார்கள். முறைதான் எல்லோருக்கும் பழகிப்போயிருந்ததே. வெள்ளைத்தாய் சொன்னாள், வாத்தியார் சொன்னார், ஆபீசர் சொன்னார், மனசில் இருந்ததையெல்லாம் சொன்னார்கள், இந்தத் தடவை யாரும் முன்னால் மன்னிப்புக் கேட்கவில்லை, பின்னால் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவரால் கழற்ற முடியவில்லை. குழாய் காய்ந்தே கிடந்தது.

நான்காம் நாள், வீட்டில் எந்தக் குழாயிலும் ஒரு சொட்டு வராமல் போய், அவர் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். புல் வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது.

சவரியம்மாள் மொட்டை மாடிக்கு ஏறி, மாங்காய்ப் பூட்டைத் திறந்து, போர் மோட்டாரைப் போடச் சொன்னாள். நாலு வால்வையும் அவளே சுற்றினாள். ஞானப்பிரகாசம் பக்கத்தில் நின்று சத்தமாக எண்ணினார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தெருவுக்கே கேட்கிற மாதிரி எண்ணினார். அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெசிந்தா விஷயத்துக்கு எண்ணிக்கை போதாது, அது அவருக்கும் தெரியும். மறுநாள் காலை அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு தாளோடு, ஜெசிந்தா இருக்கும் ஊருக்குப் பஸ் ஏறினார். "நானும் வரட்டா?" என்று அவள் கேட்கவில்லை. ஆனால் வழிக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள்.

சமையலறைச் சுவரில் கமால் பாய் கடையிலிருந்து ஒரு சாதாரணக் குழாய் வந்து உட்கார்ந்தது. குட்டைக் கழுத்து, நேர் வாய், சல்லடை இல்லை, உள்ளே ஓட்டை பெரிது. திறந்தால் சுண்டுவிரல் தடிமனுக்கு வந்தது. தொட்டி அத்தனை பக்கத்தில் இருக்கும்போது அதற்கு மேல் வராது, அது தண்ணீரின் நியாயம்; அதோடு அவளுக்குச் சண்டை இல்லை. பூட்டை எடுத்து அடுப்பு மேடைக்கு மேலே ஆணியில் மாட்டிவிட்டாள், வாய் திறந்தபடி.

பித்தளைக் குழாய் இன்னும் தரைத்தளத்தில்தான் இருக்கிறது. யார் கழற்றப் போனாலும் ஸ்பேனர் வழுக்குகிறது. தனுஷ்கோடி வீட்டில் விடியற்காலையில் அவர் கோபம் பழகுகிற சத்தம் கேட்கும். போன வாரம் ஒரு சொட்டு விழுந்ததாகச் சொன்னார்கள், யார் மேல் வந்த கோபம் என்று கேட்டால் அவர் சொல்லவில்லையாம்.

வெள்ளைத்தாய் ஒரு நாள் காபி குடித்துக்கொண்டே, தரையைப் பார்த்தபடி, "அக்கா, எங்க மேல இருந்த கோவமெல்லாம் தீந்துருச்சாக்கா?" என்று கேட்டாள்.

சவரியம்மாள் குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். மூன்று வீட்டுக் கதவு திறந்தது.

"தீர்றதுக்கு அது என்னா, தண்ணியா?"